இரண்டு விசிலுக்கு நடுவில்

“இன்னும் நாலு புத்தகம் பாக்கி இருக்கு, மேடம். அதையும் முடிச்சுட்டு ஆரம்பிச்சுருதேன்.”

சொன்னவர் தாணப்பன். வயது ஐம்பத்தொன்று. ஆலங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய ஆய்வு நெறியாளர் ஜெஸிந்தா. தாணப்பனைவிடப் பதிமூன்று வயது இளையவர்.

ஆய்வுத் தலைப்பு, பேருந்து நடத்துநர்களின் விசில் மொழி.

நாலு வருஷமாகப் படித்தார். படித்த புத்தகங்களின் கனத்தில் அவர் வீடு வடக்கே ஒரு சாண் சாய்ந்துவிட்டது. சுவரிலிருந்த பல்லிகூட மொழியியல் கற்றுக்கொண்டு, யோசித்துத்தான் சத்தம் போட்டது. ஆனால் ஒரு நடத்துநரிடம்கூட அவர் இதுவரை வாய் திறக்கவில்லை, டிக்கெட் கேட்டதைத் தவிர.

மாதக் கடைசிக்குள் முதல் இயல் வராவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

“கண்டக்டர்கிட்டப் பேசப் பயமா இருக்கா, சார்?”

தாணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“ஆமா மேடம். தப்பா எதையாவது கேட்டு, ‘உமக்கு வேற சோலி இல்லையாவே’ன்னு சிரிச்சுட்டா?”

“சிரிச்சா அதையும் எழுதிக்கிடுங்க.”

“கேள்விப் பட்டியல் இன்னும் சரியா அமையலை.”

“எத்தனை கேள்வி?”

“இருநூத்திப் பன்னிரண்டு. முதல் கேள்வியைத்தான் பதினேழு தடவை மாத்திட்டேன்.”

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

“வாங்க. நானும் உங்க பஸ்ஸுலதான் வாரேன்.”

தென்காசி வண்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. ஜெஸிந்தாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாணப்பனுக்குக் கம்பிதான் கிடைத்தது.

“பையைக் குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன்.”

நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது எந்த பஸ்ஸிலும் நடப்பதுதானே. கொடுத்துவிட்டார். கேள்விப் பட்டியல், நோட்டு, பேனா எல்லாம் அதற்குள்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஜெஸிந்தா இறங்கினார். பையோடு.

“மேடம்! பை!”

முதல் விசில்.

“நாளைக்குத் தாரேன், சார்!”

இரண்டாவது விசில். வண்டி நகர்ந்தது.

தாணப்பன் ஆட்களை இடித்துக்கொண்டு நடத்துநரிடம் போனார். மாசானம் என்று அவர் சட்டையில் பெயர் இருந்தது.

“என்னய்யா நீங்க! முத விசிலுக்கும் ரெண்டாவது விசிலுக்கும் நடுவுல அவ்வளவு நேரம் சும்மா நின்னீங்களே, அதுல ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் பையை வாங்கியிருக்க மாட்டேனா? அப்படி என்னத்தைப் பாத்துக்கிட்டு நின்னீங்க?”

இருநூற்றுப் பன்னிரண்டில் இல்லாத கேள்வி.

மாசானம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இருபத்தாறு வருசமா ஊதுதேன். இதை ஒருத்தரும் கேட்டதில்ல, அண்ணாச்சி.”

“எதை?”

“நடுவுல என்னன்னு. முத விசிலுக்கு டிரைவரு கியரைப் போட்டுருவாரு. நான் படியைப் பாப்பேன். ஏறுனவங்க காலு உள்ள வந்துட்டான்னு பாத்துட்டுத்தான் அடுத்ததை ஊதுவேன்.”

“எல்லாரும் உக்காந்தாச்சான்னு பாக்க மாட்டீங்களா?”

மாசானம் சத்தமாகவே சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

“எல்லாரும் உக்காரட்டும்னு நின்னா இந்த வண்டி என்னைக்குத் தென்காசி போய்ச் சேர? காலு உள்ள வந்தாப் போதும், அண்ணாச்சி. உக்காருததெல்லாம் ஓடுத ஓட்டத்துல பாத்துக்கிடலாம்.”

தாணப்பன் பக்கத்து சீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே உருவினார். எழுத ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் எழுதினார். இடம் போதவில்லை. முழங்கைவரை போனார்.

“ஆலங்குளம் வந்துட்டு. எறங்கலையா?” என்றார் மாசானம்.

“அது கெடக்கட்டும். முத விசிலை ஊதிட்டு, ரெண்டாவதை ஊத முடியாமப் போன நாள் உண்டா?”

மாசானத்தின் சிரிப்பு நின்றது. படியை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு தன் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க,” என்றார். “சொல்லுதேன்.”