ஆளை மறைத்த மை

வெகு காலத்துக்கு முன்னே, மேற்குத் திசை எங்கே முடிகிறதென்று யாருக்கும் தெரியாத காலத்தில், உதயபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்ததாம். அதன் ராஜா உதயவர்மன். "சூரியன் போகும் வழி நம் வழி. அது மறையும் இடம் வரைக்கும் நம் நிலம்" என்று அவன் சொன்னான், ஜனங்களும் நம்பினார்கள். நம்புவதற்கு வசதியாக மந்திரவாதி ஒருவன் ஒரு மை காய்ச்சிக் கொடுத்திருந்தான். மேற்கே கிளம்புகிறவர்கள் அதைக் கண்ணில் தீட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ராஜாவுக்கு முன்னால் போய் எல்லைக்கல் நடுகிறவள் வேலாயி. கையகல மண்கூடச் சொந்தமில்லாதவள். மூன்றாவது கல்லை நட்டால், நட்ட இடத்திலேயே பத்துக் காணி அவளுக்கு என்று ராஜா வாக்குக் கொடுத்திருந்தான்.

முதல் கல்லை ஒரு வயலில் நட்டாள். நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது, ஆளைக் காணோம். "பூமாதேவி நமக்காகவே விளைத்து வைத்திருக்கிறாள்! சூரியன் போகும் வழி நம் வழி!" என்றான் ராஜா.

இரண்டாவது கல்லைப் பொன்மலையில் நட்டாள். வெட்டிய குழி வெட்டியபடி இருந்தது, ஆளைக் காணோம். "மலையே நமக்காக வாய் திறந்திருக்கிறது! சூரியன் போகும் வழி நம் வழி!"

மூன்றாவது கல்லோடு ஓர் ஆற்றங்கரைக்கு வந்தாள். அடுப்பில் உலை கொதிக்கிறது, ஆளைக் காணோம். சாமி வைத்த உலையாக்கும் என்று நினைத்தாள். நல்ல பசி வேறு. அணையப்போன நெருப்பைக் குனிந்து ஊதினாள். புகை கண்ணில் ஏறிக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மை கரைந்து கன்னத்தில் வழிந்தது.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடேயப்பா, அதை என்னவென்று சொல்ல! எதிரே ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. அவளுக்குப் பின்னால் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் ஊர்கள், ஆறு முழுக்கப் படகுகள். வானம் முடியும் இடம் வரைக்கும் ஜனங்கள். வேலாயியின் கை தானாகக் கும்பிட்டது.

"எவ்வளவு நேரமா கத்துறேன், காது கேக்கலையா? அடுப்பங்கரையிலயா கல்லை நடுவாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அக்கா, இந்த மையால எங்க யாருக்கும் உங்களைத் தெரியலை, உங்க சத்தமும் கேக்கலை. பின்னால யானைப்படை வருது. தெரியாமலே மிதிச்சுட்டுப் போயிடும்!"

சொல்லும்போதே பத்துக் காணி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கல்லை நட்டால் போதும். குழந்தை எட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. வேலாயி கல்லைக் கீழே போட்டாள்.

"அக்கா, மிளகாய் வத்தல் இருக்கா?"

"மூட்டை மூட்டையா இருக்கு. எதுக்கு?"

"அத்தனையும் நெருப்புல கொட்டுங்க. மேல்காத்து பாத்துக்கும்."

மேல்காற்று நெடியை அள்ளிக்கொண்டு போய்ப் படையின் மேல் போட்டது. ராஜா இருமினான், மந்திரவாதி இருமினான், பட்டத்து யானையும் தும்மியது. எல்லார் கண்ணிலும் நீர் கொட்டியது. எல்லார் மையும் கரைந்தது.

ராஜா முன்னால் பார்த்தான், ஜனங்கள். திரும்பிப் பார்த்தான், வந்த வழியெல்லாம் ஜனங்கள்! வயலைப் பறிகொடுத்தவர்களும் மலையைப் பறிகொடுத்தவர்களும் இத்தனை நாளும் அவன் பின்னாலேயே நடந்து, நியாயம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"ஏனடா இந்த மையைக் கொடுத்தாய்?" என்று அலறினான் ராஜா.

"ஆளில்லாத நிலம் வேண்டும் என்று கேட்டது தாங்கள்தானே, மகாராஜா?" என்றான் மந்திரவாதி.

ராஜா யானையை விட்டு இறங்கி அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்தான். வயல் வயல்காரருக்கும் மலை மலைக்காரருக்கும் திரும்பியது. ஆற்றங்கரை ஊரார் கூடிப் பேசி, வேலாயி குடிசை போட அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

அந்த மூன்றாவது கல்லா? இன்றைக்கும் அங்கே அம்மியாகக் கிடக்கிறதாம். மிளகாய் அரைக்க அதைவிட நல்ல கல் கிடையாது என்கிறார்கள்.