உலக்கை சொன்ன பேரு

கண்ணைத் துடை. மூக்கையும் துடை, என் புடவையில இல்லடி! இந்தா துண்டு. அத்தைக்கு இன்னைக்கு இருக்கிற கோபத்துல கதை காரமாத்தான் வரும், சொல்லிட்டேன்.

தினமும் மிஸ் ஒரு மெட்டு வாசிச்சுக் காட்டுவாங்க, இல்லைன்னா ஒரு படத்தை மாட்டுவாங்க, நீ அதுக்கு ஒரு கவிதை எழுதுவே. ஒரு மாசமா எழுதினே. இன்னைக்கு ஸ்கூல் புத்தகத்துல உன் கவிதை வந்திருக்கு, கீழே கரஸ்பாண்டன்ட் பேத்தி பேரு போட்டிருக்கு. மிஸ்கிட்ட கேட்டா, "பரவாயில்ல விடு"ன்னாங்களாம். என்ன பரவாயில்ல? யாருக்குப் பரவாயில்ல? சரி, படு. "ம்" கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு ஒரு கிறுக்கு. காலையில ஒரு வாத்தியத்தை வாசிக்கச் சொல்லுவான், இல்ல சுவத்துல ஒரு படம் வரையச் சொல்லுவான். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அதுக்கு ஒரு பாட்டு வேணும். இப்படி நூறு நாளைக்கு நூறு பாட்டு. அதுக்கு ஒரு புலவனை வச்சிருந்தான், ஆவுடையப்பன்னு பேரு. ம்?

ஆள் நல்ல தடி. தலைப்பாகை இவ்வளோ உயரம். பாட்டுதான் வராது. ஒரு வரி வராது, அந்தத் தடியனுக்கு!

அப்போ யாருக்கு வரும்? அவன் பொண்டாட்டி செங்கமலத்துக்கு வரும். முதல் நாள் புல்லாங்குழல் வாசிச்சாங்க. இவன் வீட்டுக்கு வந்து, "ஏதோ சோகமா ஊதினான்டி"ன்னான். அவ கொல்லையில நெல்லு குத்திக்கிட்டு இருந்தா. தொம்! தொம்! உமி பறக்கும்ல, தலைப்பாகை அழுக்காயிடுமாம், அதனால இவன் சுவத்துக்கு இந்தப் பக்கம் ஓலையும் எழுத்தாணியுமா உட்கார்ந்துக்கிட்டான். அவ குத்திக்கிட்டே பாடினா.

"குழலுக்குள்ள யாரு குந்தி அழுவுறா, உஸ்!
துளை அத்தனையும் கண்ணு, துடைக்க ஆளில்லையா, உஸ்!"

அந்த "உஸ்" இருக்கே, அது பாட்டு இல்ல. உலக்கை இறங்குறப்போ நெஞ்சுல இருந்து வர்ற மூச்சு. குத்துறவங்க எல்லாருக்கும் வரும். இவன் ஜென்மத்துல உலக்கையைத் தொட்டிருக்கானா? அதையும் பாட்டுன்னு நினைச்சு அப்படியே எழுதிக்கிட்டான்!

சிரிக்கிறியா? சிரி.

அப்புறம் சபையில பாடினான், உஸ்ஸோட. ராஜா கேட்டான், "அது என்னய்யா உஸ்?" இவன் கண்ணை மூடிக்கிட்டு, "தெய்வீக மூச்சு மகாராஜா"ன்னான். அவ்வளோதான். மந்திரி உஸ், தளபதி உஸ், சபையே உஸ் உஸ்ஸுன்னுச்சு. இவனுக்குப் பட்டு போர்த்தினாங்க.

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் கேட்டா, "என் பேரைச் சொன்னீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் யானைப் படம்.

"மரத்தைப் பிடுங்குற யானைக்கு, உஸ்!
கால்ல கட்டின கயிறு கனக்குதாம், உஸ்!"

அதுக்கும் பட்டு. "என் பேரைச் சொன்னீங்களா?" "மறந்துட்டேன்டி." மறந்துட்டானாம்! பட்டை வாங்க மறக்கல பாரு. எனக்கு வயிறு எரியுது.

ம்? தூங்கிட்டியா? ம். சரி.

அப்புறம் இப்படியே தொண்ணூத்தொன்பது நாள் ஓடிடுச்சு. நூறாவது நாள் சுவத்துல ஒரு படம், மூடின கதவு. அது மட்டும்தான். இவன் ஓடி வந்தான். "சீக்கிரம் பாடுடி! இன்னைக்கு ஊரையே கூட்டியிருக்காங்க. நூறு பாட்டையும் கோயில் கல்லுல வெட்டப் போறாங்க."

"கல்லுல யாரு பேரு?"

"என் பேருதான். பொண்டாட்டி பேரை எவனாவது சபையில சொல்லுவானா? வெக்கக்கேடு!"

அவளுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. ஓலையில எழுதினா அழிஞ்சுபோகும். கல்லுல வெட்டினா? அவ இருந்ததே இல்லைன்னு ஆயிடும்ல? உலக்கையை எடுத்தா, தொம்! பாடினா. இவன் எழுதிக்கிட்டு ஓடினான். அவளும் உலக்கையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னாலேயே போனா.

சபையில இவன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் பாடினான்.

"உள்ள இருக்கிறவ பேரு என்னன்னு, உஸ்!
தட்டுற ஒருத்தனும் கேக்கலையே, உஸ்!"

பின்னால அரண்மனை நெல்லு குத்துற பொம்பளைங்க நின்னாங்க. அன்னைக்குத்தான் அவங்க முதல் தடவையா பாட்டைக் கேக்குறாங்க. கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டாங்க. ராஜா, "என்ன சிரிப்பு?"ன்னான். ஒருத்தி சொன்னா, "மகாராஜா, அது தெய்வீக மூச்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உலக்கை போடுற மூச்சு. குத்துற கையில காய்ப்பு இருக்கும், இவரு கையைப் பாருங்க."

பார்த்தாங்க. வெண்ணெய் மாதிரி இருந்துச்சு கை.

அப்போ செங்கமலம் முன்னால வந்து உலக்கையை ஊன்றினா. தொம்! "பாட்டு என்னோடது."

ராஜா திருதிருன்னு முழிச்சான். "சரிம்மா, புலவர் பேருக்குப் பக்கத்துல ஓரமா உன் பேரையும் போட்டுடலாம்."

"ஓரமா நிக்கிறதுக்கு நான் என்ன துடைப்பமா?" அப்படிக் கேட்டா! ராஜாகிட்ட! "பேரு என்னோடது மட்டும்தான் வரணும். அதை நான் சொல்ல மாட்டேன். அவரே சொல்லட்டும். நூறு பாட்டுக்கு நூறு தடவை. சும்மா இல்ல, குத்திக்கிட்டே சொல்லணும்."

கொண்டாந்து போட்டாங்க உரலை. தலைப்பாகையைக் கழட்டினான். தொம்! "செங்கமலம்." "கேக்கல!"ன்னாங்க பொம்பளைங்க. தொம்! "செங்கமலம்!" பத்துல வேர்த்துச்சு. முப்பதுல கை கொப்பளிச்சுச்சு. ஐம்பதாவது தடவை, தொம்! "செங்கமலம்!" உஸ்!

அந்த உஸ்ஸை அவன் ஓலையைப் பார்த்துச் சொல்லல. தானா வந்துச்சு. கையை நிறுத்திட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவ பாவம் பார்க்கல. "இன்னும் ஐம்பது இருக்கு"ன்னா.

உளி டிங் டிங்னு அவ பேரை வெட்டி முடிச்சுச்சு. கதையும் இதோட உரலைக் கவுத்துப் படுத்துக்கிச்சு.

நாளைக்கு நானும் உன்கூட ஸ்கூலுக்கு வர்றேன். நம்ம வீட்ல உலக்கை இல்ல, குடைதான் இருக்கு. பரவாயில்ல, அதை ஊன்றினாலும் சத்தம் வரும்.

அந்தக் கவிதை எழுதினது யாரு? பேரைச் சொல்லு.

கேக்கல. இன்னும் சத்தமா.

ஆங்! பூங்கோதை. நாளைக்கும் இப்படித்தான் சொல்லணும். இப்போ தூங்கு.