மறுவருஷத்து மழை

மரத்தின் வளையங்களை எண்ணிப் பழைய மழையைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்று தென்காசிப் பக்கம் இருந்தது. அங்கே குரு ஜெபசெல்வி. வயது முப்பத்தாறு. சீடர் உச்சிமாகாளிக்கு அறுபது.

மர டிப்போவில் காவலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். இந்த வயதில் உப்புத்தாள் பிடித்து மரத்துண்டு தேய்க்கப் போகிறாரே, கிறுக்கா என்று ஊரே கேட்டது. கேட்கத்தான் செய்யும். ஊருக்கு வேறு என்ன வேலை?

ஒரு வருஷம் தேய்த்தார். சொன்னதைச் செய்தார். பிறகு ஒரு காலையில் வாய் திறந்தார்.

"மேடம், மழை நல்லாப் பெஞ்ச வருஷம் வளையம் அகலமா இருக்கும். பொய்ச்ச வருஷம் ஒடுங்கிக் கெடக்கும். சரிதான?"

"சரிதான் அண்ணாச்சி."

"எனக்கு ஆறு வயசு நடந்த வருஷத்தை நான் பாத்துக்கிடலாமா?"

"அதுல என்ன இருக்கு?"

உச்சிமாகாளி உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"எனக்கு அஞ்சு வயசுல பூமி காஞ்சு போச்சு. எங்கப்பா வேலை தேடி மலைக்கு அந்தப் பக்கம் கெளம்புனாரு. 'நாலு மழை பெய்யட்டும், வந்துருதேன்'னு சொல்லிட்டுப் போனாரு. வரல. மழை பெய்யாம வரலையா, பெஞ்சும் வரலையா? அது தெரிஞ்சாப் போதும் மேடம். அம்மாவும் போய்ச் சேந்துட்டா. கேக்க ஆளில்ல."

ஜெபசெல்வி மரத்துண்டு அலமாரியைத் திறந்துவிட்டாள்.

"உங்க ஊர்ல அப்போ மழைமானி கிடையாது. மரம்தான் இருக்கு. பாருங்க."

சாலையை அகலப்படுத்த அவர் ஊரில் போன வருஷம் வெட்டிய தேக்குகளின் வட்டத் துண்டுகள் பன்னிரண்டு அங்கே இருந்தன. அதில் ஒன்று அவர் அப்பா நிலத்து ஓரத்தில் நின்ற மரம். அதைத்தான் எடுத்தார். மூன்று நாள் தலையை நிமிர்த்தவில்லை.

நாலாம் நாள் கையில் வடைப் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"பட்டையில இருந்து ஐம்பத்தி நாலாவது வளையம் மேடம், அப்பா போனதுக்கு மறுவருஷம். நூல் மாதிரி கெடக்கு! அதுக்குப் பொறவும் அஞ்சு வருஷம் அதே கதைதான். மழையே இல்ல. மனுசன் எப்படி வருவாரு? பாவம். அவரை நான் என்னென்னவோ ஏசியிருக்கேன்."

ஜெபசெல்வி ஒரு வடையை எடுத்து முழுசாகத் தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை மரம் பாத்தீங்க?"

"ஒண்ணு."

"இங்க ஒத்த மரத்தோட பேச்சை எடுப்போமா?"

அங்கே முதல் நாள் பாடமே அதுதான். புதிதாக வருகிறவர்களை அதற்காக உச்சிமாகாளியே எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார்.

"அது எங்க மரம் மேடம்."

"அதனாலதான் கேக்கேன். பக்கத்துல வேற மரம் நின்னுச்சா?"

"பெரிய புளி நின்னுச்சு. பகல்லயே இருட்டிக் கெடக்கும். பொறவு காத்துல சாஞ்சுட்டு."

"அப்போ அது நெழல்ல நின்னு வெயிலுக்குத் தவிச்சிருக்கு அண்ணாச்சி. தண்ணிக்கு இல்ல. மத்த பதினொண்ணையும் கொண்டாங்க."

கொண்டுவந்து மேசையில் பரப்பினார். அவள் குண்டூசி டப்பாவை அவரிடம் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டிலும் எண்ணி, அந்த வருஷத்து வளையத்தில் ஊசி குத்தச் சொன்னாள்.

முதல் துண்டில் அந்த வளையம் சுண்டுவிரல் அகலம் இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. ஏழாவதுக்கு வரும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விடாமல் எண்ணினார். பதினொன்றும் ஒரே மாதிரிதான் சொல்லின.

"மறுவருஷமே பெஞ்சிருக்கு" என்றார்.

"பெஞ்சிருக்கு அண்ணாச்சி. நல்ல மழை."

"பெறகு ஏன் மேடம் வரல?"

"அது மரத்துல இருக்காது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் அம்மா மேல் திரும்பியது.

"அப்போ எங்கம்மா? மழை பெய்யும்போதெல்லாம் நான் ஓடிப் போய், 'அப்பா வந்துருவாராம்மா'ன்னு கேப்பேன். 'இதெல்லாம் ஒரு மழையா லே? பெருசா ஒண்ணு வரட்டும்'னு சொல்லுவா. வருஷா வருஷம் அதே பேச்சு. நான் அதை நம்பி இத்தன காலமும் காத்துக்கிடந்தேனே! பெத்த புள்ளைகிட்ட இப்படியா பொய் சொல்லுவா?"

ஜெபசெல்வி மேசையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் விரலைப் பிடித்து, ஊசி குத்திய வளையத்தின் குறுக்கே மெதுவாக நகர்த்தினாள்.

"இம்புட்டு மழையில நின்னுக்கிட்டு 'இதெல்லாம் ஒரு மழையா'ன்னு சொல்லியிருக்காங்க உங்கம்மா, அண்ணாச்சி."