நாற்பத்து மூன்றாம் டோக்கன்

பிறவி என்னும் பெரும்பிணிக்குத் தானே மருந்தாகி, அம்மருந்தைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வாரி வழங்கும் வைத்தியநாதப் பெருமானின் திருவடிகளை முதற்கண் தலைமேற் கொள்கிறேன். அவன் சந்நிதியில் டோக்கன் இல்லை. எடை பார்ப்பதும் இல்லை. அடியார் ஒருவர் வெளியில் நின்று தரிசிக்க வேண்டும் என்பதற்காக, வாயிலை மறைத்திருந்த நந்தியே சற்று விலகிப் படுத்தது என்பர் பெரியோர். கேட்பவர்கள் இச்செய்தியை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் பயன்படும்.

இனி வாகீசன் கதை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாகீசன், மருத்துவமனை நிர்வாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தான். விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன: சேவை, தலைமைப் பண்பு, நோயாளிகளோடு பழகிய அனுபவம். மூன்றுக்கும் ஒரு மருத்துவர் கையெழுத்திட்டு, முத்திரை பதித்துச் சான்று தரவேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இது வாகீசனுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

முற்காலத்தில் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியும், நந்தவனத்தில் பூத்தொடுத்தும் தொண்டு செய்தவர்கள் சான்றிதழ் கேட்கத் தெரியாத அப்பாவிகள். ஆகையால் அவர்களுக்கு வெறும் கைலாயம்தான் கிடைத்தது. வாகீசன் அவ்வளவு ஏமாளி அல்லன்.

தலைமை தாங்குவது என்றால் பின்னால் யாராவது வரவேண்டும். எனவே தன் வகுப்பிலிருந்து மூவரை அழைத்துக்கொண்டான். பூவராகன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். தில்லைநாயகி யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதி அடிக்கோடிடுவாள். சிங்காரவேலுவுக்கு உடல் வலிமை அதிகம்; மற்றவற்றைப் பற்றி அவனே குறைப்பட்டுக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நால்வரும் வெண்ணிலைப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்த டாக்டர் விடுப்பில் போயிருந்தார். பக்கத்து ஊரிலிருந்து வேறொரு டாக்டர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பின்கட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. மரகதம் சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க பிள்ளைகளா! மூணே விஷயம். டோக்கன் இல்லாம ஒருத்தரையும் டாக்டர் ரூமுக்குள்ள விடக்கூடாது, யாரா இருந்தாலும். எல்லாருக்கும் எடையும் பிரஷரும் பார்த்து எழுதணும். உள்ள போனவரை டாக்டர் பார்த்து அனுப்பின பிறகுதான் அடுத்த நம்பர். புரிஞ்சுதா?"

"யாரா இருந்தாலும்," என்று முணுமுணுத்தபடி தில்லைநாயகி அடிக்கோடிட்டாள். சிஸ்டர் பின்கட்டுக்குப் போனார். உலகில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவ்வளவு நிம்மதியாகப் போனவர் இவர் ஒருவரே.

முதல் டோக்கனை வாகீசன் தானே எடுத்துக்கொண்டான்.

"உனக்கு என்னடா நோவு?" என்றான் சிங்காரவேலு.

"நோவு இல்ல. தலைவன்னா எதையும் முதல்ல தான் செஞ்சு காட்டணும்."

அப்போது கோட்டைச்சாமி என்ற முதியவர் வந்து, சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கெஞ்சினார். வாகீசன் மனமிரங்கித் தன் டோக்கனை அவர் கையில் வைத்தான். "இதைத் தியாகம்னு எழுதிக்கோ," என்று தில்லைநாயகியிடம் சொல்லவும் மறக்கவில்லை. கோட்டைச்சாமி அறைக்குள் போய், காலி நாற்காலிக்கு எதிரே மின்விசிறியின் கீழ் அமர்ந்து, பணிவோடு உறங்கிப்போனார்.

கால் வீங்கி நடக்கமுடியாத பேச்சியம்மாளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். எடைமெஷின் மேல் அவரால் நிற்க முடியவில்லை. சிங்காரவேலு அவரை அப்படியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மெஷின்மேல் ஏறினான்.

"நூற்றுப் பதினாறு கிலோ," என்று தில்லைநாயகி எழுதினாள். "பாட்டி, சோத்தைக் குறைங்க."

"ஏம்மா, நான் ஒட்டடைக்கம்பு மாதிரி இருக்கேன். அந்தத் தடியனையும் சேர்த்துல்ல பார்க்கிற?"

பாட்டி சொன்னதில் நியாயம் இருப்பதாக வாகீசனுக்குப் பட்டது. "சிங்காரத்தோட எடையைத் தனியாப் பார்த்துக் கழிச்சிடலாம்."

"முடியாது," என்றான் பூவராகன். "டோக்கன் இருக்கிறவங்களுக்குத்தானே எடை?"

மூவரும் யோசித்தார்கள். சிங்காரவேலுவும் பாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். முடிவில் அவனுக்குப் பதினேழாம் நம்பர் டோக்கன் கொடுத்து எடை பார்த்தார்கள். டோக்கன் வாங்கியவன் வரிசையில் உட்காரவேண்டும் அல்லவா? அவனும் போய் நோயாளிகளோடு உட்கார்ந்தான். அனுபவம் என்ற கட்டம் அப்போதே பாதி நிரம்பிவிட்டது.

பத்து மணிக்குப் பருத்திச் சேலையும் தோள்பையுமாக ஓர் அம்மையார் வேகமாக வந்து அறைக் கதவருகே போனார். பூவராகன் குறுக்கே கையை நீட்டினான்.

"டோக்கன்?"

"நான் டாக்டர் அங்கயற்கண்ணி. இன்னிக்கு ட்யூட்டி எனக்கு."

"இருக்கட்டும் மேடம். அங்க உக்காந்திருக்கிற ஐயா தலையாரி. அவரும் டோக்கன் வாங்கித்தான் உக்காந்திருக்கார்."

"தம்பி, நான் உள்ள போனாத்தானே அவரைப் பார்க்கமுடியும்?"

"யாரா இருந்தாலும்," என்று தில்லைநாயகி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அடிக்கோடு இரண்டாக இருந்தது.

நந்தி விலகிய கதையை முன்பே சொன்னேன். நந்தி கல்லால் ஆனது, அதனால் இளகிற்று. பூவராகன் விலகவில்லை.

டாக்டரை எடைமெஷினில் ஏற்றினார்கள். பிரஷர் பார்த்தார்கள். நூற்று அறுபது காட்டியது.

தில்லைநாயகி தோழர்களை ஓரமாக அழைத்தாள். "டாக்டர்னா ஆரோக்கியமா இருக்கணும். இவங்களுக்கு இவ்வளவு பிரஷர் இருக்கு. அப்ப இவங்க பேஷண்ட்தான்."

"பாவம், தன்னை டாக்டர்னு நினைச்சுக்கிறாங்க," என்றான் பூவராகன் உருக்கமாக.

"நிஜமாவே டாக்டராவும் இருக்கலாம்," என்றான் வாகீசன். தலைவன் என்பவன் நடுநிலை தவறமாட்டான். "அதனால ரெண்டுக்கும் பொதுவா நாற்பத்து மூணாம் டோக்கன் குடுத்துடுங்க. டாக்டரா இருந்தா முறை வரும்போது உள்ள போயி வைத்தியம் பார்க்கட்டும். பேஷண்டா இருந்தா உள்ள இருக்கிற டாக்டர் இவங்களைப் பார்க்கட்டும்."

இதற்கு மேல் எந்த நீதிமன்றம் என்ன சொல்லிவிடும்? டாக்டர் அங்கயற்கண்ணி நாற்பத்து மூன்றாம் டோக்கனை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வரிசையின் கடைசியில் அமர்ந்தார்.

பதினொரு மணியாயிற்று. வரிசை நகரவில்லை. வாகீசன் ஆலோசனைக் கூட்டம் கூட்டினான்.

"ஏன் நகரல?"

"ஒண்ணாம் நம்பர் இன்னும் வெளிய வரல," என்றான் பூவராகன்.

"ஏன் வரல?"

"டாக்டர் இன்னும் அவரைப் பார்க்கல."

"டாக்டர் ஏன் பார்க்கல?"

"அவங்க நாற்பத்து மூணு. முன்னால இருக்கிற நாற்பத்திரண்டு பேரும் போய் வந்தாத்தானே அவங்க முறை?"

வாகீசன் தீர்ப்புச் சொன்னான். "அப்ப தப்பு நம்ம மேல இல்ல. அந்த அம்மா லேட்டா வந்ததுதான் தப்பு."

வரிசையில் இருந்த சிங்காரவேலு பொறுமையிழந்து, "நோயாளிங்க கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப் போகுது!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை ஆமோதித்தார்கள்.

இதற்குள் டாக்டர் எழுந்து முற்றத்துப் புங்கமரத்தடிக்குப் போனார். தோள்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "எல்லாரும் இங்க வாங்க," என்றார். இரண்டாம் டோக்கன் வைத்திருந்த பொன்னுத்தாயி முதலில் போனாள். காய்ச்சலுக்கு ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போனாள். பேச்சியம்மாள் கால் வீக்கத்துக்கு மருந்தும், சோற்றைக் கூட்டச் சொல்லி ஆலோசனையும் பெற்றார். கோட்டைச்சாமியை அறைக்குள்ளிருந்து வெளியே விடப் பூவராகன் மறுத்ததால், டாக்டர் ஜன்னல் கம்பி வழியே கையை விட்டு அவரை எழுப்பிச் சோதித்து, சீட்டை உள்ளே நீட்டினார். அவருடைய பஸ் எப்போதோ போயிருந்தது.

மூன்று மணிக்குள் கோட்டைச்சாமி தவிரக் கூட்டம் முழுவதும் வைத்தியம் பெற்று வீடு திரும்பிற்று. பின்கட்டில் பெண் குழந்தை பிறந்தது. வாசலில் இவர்கள் இல்லாததால் டோக்கன் இல்லாமலே உலகத்துக்குள் வந்துவிட்டது. சிஸ்டர் தாயருகே இருந்து அசையவில்லை. டாக்டர் இல்லாத அறையை மட்டும் பூவராகன் கண்ணிமைக்காமல் காத்துக்கொண்டிருந்தான்.

வாகீசன் புங்கமரத்தடிக்குப் போய் விண்ணப்பத்தைப் பணிவோடு நீட்டினான். "மேடம், அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

டாக்டர் ஒரு முறை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார்: 'இவருடைய தலைமையில் இன்று என் அறைக்குள் நோயாளிகள் நெரிசல் அறவே இல்லை. நானும் இல்லை. என் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு சேவையைக் கண்டதில்லை. இனியும் காணாதிருக்க வேண்டுகிறேன்.' கீழே கையெழுத்திட்டார்.

வாகீசனுக்குக் கண்ணீர் வந்தது. "இருபத்தாறு வருஷத்துல கண்டதில்லையாம்!"

"முத்திரை மேசைமேல இருக்கு. போய்க் குத்திக்கோப்பா," என்றார் டாக்டர், ஜீப்பில் ஏறியபடியே.

"நீங்களே குத்திக் குடுத்தா..."

"நான் நாற்பத்து மூணு. என் முறை இன்னும் வரலையே," என்றார். ஜீப் போய்விட்டது.

வாகீசன் அறைக்கு ஓடினான். பூவராகன் குறுக்கே கையை நீட்டினான்.

"டோக்கன்?"

"டேய், நான்தான்டா!"

"யாரா இருந்தாலும்," என்றாள் தில்லைநாயகி.

வாகீசனுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு குழுவை உருவாக்கியதே தலைமைப் பண்பு அல்லவா? நாற்பத்து நான்காம் டோக்கனை வாங்கிக்கொண்டு எடையும் பிரஷரும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். மணி நான்கு.

"ஒண்ணாம் நம்பரை ஜன்னல்ல பார்த்தாச்சு," என்று பூவராகன் கோட்டைச்சாமியை வெளியே விட்டான். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்து உரக்கக் கூவினான். "ரெண்டு! ரெண்டாம் நம்பர் யாரு?"

"நான் பதினேழு," என்று சிங்காரவேலு ஆவலோடு நிமிர்ந்தான்.

"ரெண்டு போகாம பதினேழு எப்படிப் போகும்? நாற்பத்து நாலு எப்படிப் போகும்?"

பதிவேட்டைப் புரட்டி, பொன்னுத்தாயியின் போன் நம்பரைக் கண்டுபிடித்தார்கள். வாகீசன் அழைத்தான். மணி நாலே முக்கால்.

"அம்மா, நீங்க உடனே இங்க வரணும். உங்களாலதான் எல்லாம் நிக்குது."

"எதுக்குப்பா? காய்ச்சல் விட்டுப்போச்சே. மாத்திரை நல்லா வேலை செஞ்சுது."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றான் வாகீசன். "மறுபடி எப்பம்மா உடம்புக்கு முடியாமப் போகும்?"

பொன்னுத்தாயி போனை வைத்துவிட்டாள். தில்லைநாயகி நோட்டில் எழுதினாள்: 'இரண்டாம் நம்பர் நலம். நிலைமை கவலைக்கிடம்.' வாகீசன் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் திரும்பும்வரை பொறுத்திருப்பது என்று முடிவு செய்தான்.

இக்கதையைக் கேட்டவர்க்கும், கேட்டுப் பிறர்க்குச் சொல்பவர்க்கும் வைத்தியநாதப் பெருமான் நோயற்ற நெடுவாழ்வு அருள்வானாக. உங்கள் உடம்பு பொன்னுத்தாயியின் உடம்பு போலத் தேறுக. உங்கள் வாசலில் நிற்பது நந்தியாகவே இருக்க.