திம்மராயன் பறிக்காத மொச்சை

“அம்மா, எனக்கு இந்தக் கோவம் எப்பத்தான் முழுசாத் தீரும்?”

கேட்டவர் திம்மராயன். அறுபதை நெருங்கியவர். மாட்டுத் தரகராக இருந்து, சந்தைகளையெல்லாம் உதறிவிட்டு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் நஞ்சம்மாள். மடத்தின் குரு. வயதில் திம்மராயனைவிட நன்றாகவே இளையவர். அதனால் குரு சீடரை அண்ணா என்று கூப்பிடுவார். சீடர் குருவை அம்மா என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

“யார் மேல கோவம்?”

“உங்களுக்குத் தெரியாததா? எம்மவ மேலதான்.”

மகள் மாதேவியைத் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாகத் திம்மராயன் வாக்குக் கொடுத்திருந்தார். மாதேவியோ தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு பொங்கலுக்கும் அவர் சீர் கொண்டு போனதில்லை. மற்ற அப்பன்கள் கரும்பும் மஞ்சளும் பச்சை மொச்சையும் சுமந்துகொண்டு மகள் வீட்டுக்குப் போகும்போது இவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“இப்ப ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்காம்மா. வர்ற பொங்கலுக்கும் அப்பன் வரலைன்னா, இனிமே எந்தப் பொங்கலுக்கும் எதிர்பாக்க மாட்டாளாம்.”

“போயிட்டு வாங்க.”

“மொதல்ல முழுசாத் தீரட்டும்மா. மிச்சம் வெச்சுக்கிட்டுப் போய் நின்னா வாய் சும்மா இருக்காது. ஏதாச்சும் சொல்லிட்டு வந்துடுவேன்.”

அதிலும் நியாயம் இருந்தது. அவர் வாயைப் பற்றி நாலு சந்தைக்கும் தெரியும்.

நஞ்சம்மாள் உள்ளே போய் ஒரு முறத்தில் மொச்சை விதை கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“பொங்கலுக்குப் பச்சை மொச்சை வேணும். கெழக்கால இருக்கிற துண்டு நெலம் உங்களுக்கு. பக்கத்துத் துண்டு எனக்கு. எப்ப வெதைக்கிறது, எப்பப் பறிக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

“நான் கேட்டது வேறம்மா.”

“வெதைச்சுட்டு முறத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. சமையல்கட்டுல தேடுவாங்க.”

அப்போது ஆனி மாதம் பிறந்திருந்தது.

*

திம்மராயன் வாழ்நாளெல்லாம் சந்தையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்தவர். தன் கையால் ஒரு விதை போட்டதில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. சீக்கிரம் போட்டால் சீக்கிரம் வரும், அவ்வளவுதானே என்று மறுநாளே விதைத்துவிட்டார்.

குரு விதைக்கவில்லை.

ஆனி போயிற்று. ஆடியும் போயிற்று. திம்மராயனின் கொடி இடுப்பளவு வந்த பிறகுதான் நஞ்சம்மாள் முந்தானையில் விதையை முடிந்துகொண்டு வந்து சாவகாசமாக ஊன்றினார்.

“ரொம்ப லேட்டும்மா” என்றார் திம்மராயன். அவருக்கு உண்மையாகவே குரு மேல் பரிதாபமாக இருந்தது.

“அப்படியா?” என்று கேட்டுவிட்டு நஞ்சம்மாள் அடுத்த குழியைத் தோண்டினார்.

புரட்டாசியில் திம்மராயனின் கொடி காடாக மண்டியது. ஆள் உள்ளே நுழைய முடியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் வாய் பிளந்தார்கள். பூ மட்டும் இல்லை. ஐப்பசியிலும் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் பனி இறங்கியது.

ஒரு காலையில் அவர் போய்ப் பார்த்தால் நிலம் முழுக்கப் பூ. குருவைக் கூப்பிட ஓடினார். பாதி வழியில் பக்கத்துத் துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். முழங்கால் உயரமே இருந்த குருவின் செடிகளிலும் பூ.

“என்னம்மா அநியாயம் இது? நான் எவ்வளவு முந்திப் போட்டேன்! எவ்வளவு தண்ணி இறைச்சேன், எவ்வளவு களை எடுத்தேன்! உங்களுது நேத்து வந்த பயிரு. ரெண்டும் ஒண்ணாப் பூக்குதே?”

“மொச்சை நம்ம மொகத்தைப் பாத்துப் பூக்காதுண்ணா. பனியைப் பாத்துப் பூக்கும்.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க கேக்கலையே. நீங்கதான் எனக்குச் சொன்னீங்க, லேட்டுன்னு.”

திம்மராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும், பறிப்பதிலாவது கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவோம் என்று நினைத்துக்கொண்டார்.

*

மார்கழியில் அடிக் காய்கள் திரண்டன. மடத்தில் சமையல் பார்க்கும் சித்தலிங்கன் கூடையோடு வந்தார்.

“பறிக்கலாமாண்ணா?”

“கண்ணு தெரியலையா? கீழ இருக்கிறதுதான் திரண்டிருக்கு. மேல எல்லாம் தட்டையாக் கெடக்கு. நுனியில இன்னும் பூ நிக்குது. எல்லாம் நெரம்பட்டும்.”

சித்தலிங்கன் பக்கத்துத் துண்டுக்குப் போனார். அங்கே நஞ்சம்மாள் பறிக்க ஆரம்பித்திருந்தார். காயை விரலால் நெருடிப் பார்ப்பார். விதை திரண்டிருந்தால் பறிப்பார், தட்டையாக இருந்தால் விட்டுவிட்டு நகர்வார். காயெல்லாம் பனி ஈரம். பறித்த கையில் மொச்சை வாசனை கமகமவென்று ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் களியும் மொச்சைக் குழம்பும். திம்மராயன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா அவசரப்பட்டுட்டீங்கம்மா. செடியில பாதிக் காய் இன்னும் பாக்கி நிக்குது.”

“ஆமா, நிக்குது” என்றார் குரு.

சில நாள் கழித்துச் சித்தலிங்கன் மறுபடி வந்தார்.

“இப்ப?”

“நுனிக் கொத்து பாக்கியிருக்குப்பா. ஒரே பதத்துல வரட்டும். மொத்தமாப் பறிச்சுத் தர்றேன், அசந்துடுவீங்க.”

அதற்கு அடுத்த முறை சித்தலிங்கன் கூடையை எடுத்துக்கொண்டு நேராகக் குருவின் துண்டுக்கே போனார். திம்மராயன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமை இல்லாத ஜனங்கள் என்று அவருக்குத் தோன்றியது.

*

போகியன்று மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிதுக்கின மொச்சையில் குழம்பு வைத்துப் போடுவது வழக்கம். அதனால் முந்தின நாள் வேறு வழியில்லாமல் திம்மராயன் பறித்தார். உரித்து, தண்ணீரில் ஊறப்போட்டார்.

காலையில் பிதுக்க உட்கார்ந்தார். ஊறிய மொச்சையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோலைவிட்டுப் பருப்பு நழுவி வர வேண்டும். அவருடையது வரவில்லை. இன்னும் அழுத்தினார். நகம்தான் வலித்தது. மோந்து பார்த்தார். அந்த வாசனையும் போயிருந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாத்திரத்தையும் உரிக்காத மிச்சக் காயையும் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார்.

“அம்மா, அடிக் காயெல்லாம் மஞ்சளாயி முத்திப்போச்சு. நுனிக் காய் இன்னும் பிஞ்சாவே கெடக்கு. நான் ஒரு நாள் விடாமப் போய்ப் பாத்தேன். எல்லாக் காயும் ஒண்ணா நெரம்பி நின்ன நாள்னு ஒண்ணு வரவே இல்லைம்மா!”

“வரும்னு யாரு சொன்னது?”

திம்மராயன் யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

நஞ்சம்மாள் முன்னால் அன்று காலை பறித்த காய் ஒரு கூடை இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து உரித்தார். விதையை நகத்தால் லேசாகக் கீறிப் பிதுக்கினார். பருப்பு துள்ளித் திம்மராயன் மடியில் விழுந்தது.

“கோவம் எப்படி இருக்குண்ணா?”

“முன்னைக்கு இப்ப எவ்வளவோ பரவால்லம்மா. பெரும்பாலும் போயிடுச்சு. ஏதோ கொஞ்சந்தான், அதுவும்…”

அவர் வாய் பாதியில் நின்றது.

மடியில் கிடந்த பருப்பைப் பார்த்தார். கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பக்கம் போற பஸ் எப்பம்மா?”

நஞ்சம்மாள் தன் கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதை எடுத்துக்கிட்டா மடத்துக்கு?”

“இன்னைக்கு ஒரு நாள் ஜனங்க கத்திரிக்கா சாப்பிடட்டும். உங்களுது காயட்டும், கோடைக்கு ஆகும். கெளம்புங்க.”

*

பஸ் நின்ற இடத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மாதேவி வாசல் சுவருக்குக் காவி அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் கூடையோடு நிற்கும் அப்பனைப் பார்த்தாள். காவி தோய்த்த மட்டையைக் கீழே வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் கதவோரத்தில் அவள் புருஷன் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் திம்மராயனுக்குப் பழைய கோவம் ஏறியது. இவ்வளவு தூரம் வந்தும் அது போயிருக்கவில்லை. திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் மகள் இளைத்திருந்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

“அப்பனுக்குக் கோவம் இன்னும் முழுசாத் தீரலம்மா” என்றார்.

மாதேவி காவி படிந்த கைகளால் கூடையை அவர் தலையிலிருந்து இறக்கினாள்.

“எனக்குந்தான் தீரல” என்றாள். “உள்ள வா.”