இடது அண்ணனுக்கு, வலது தம்பிக்கு

முத்தலாம்பாளையத்து அண்ணன் தம்பி மூன்று பேரையும் முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குச் சொந்தக்காரர்கள். நாளைக்கு நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டாமா? நடந்ததைச் சொல்கிறேன், பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் தெய்வசிகாமணி, அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி சென்னியப்பன். மூவருக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒரு பழைய கார். கிணற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் எடுப்பார்கள். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் ஒரு சொம்பு மொண்டாலும் பஞ்சாயத்து கூடிவிடும். பங்கு என்றால் அவர்களுக்கு அவ்வளவு பக்தி.

சென்னியப்பனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு பெண் அமைந்தது. வேலாம்பூண்டி அர்த்தனாரியின் மகள் ருக்குமணி. அர்த்தனாரி கறார் பேர்வழி.

"மாப்பிள்ளை மண்டபத்து வாசல்ல கார்ல வந்துதான் எறங்கோணும். நடுவுல எங்கயும் எறங்கப்படாது. முகூர்த்தம் தவறுச்சுன்னா என் அக்கா பையன் பட்டு வேட்டி கட்டிட்டு முன்வரிசையில உக்காந்திருப்பான், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காரின் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் சாகுல் குனிந்து பார்த்தார்.

"ரிப்பேர் பண்ணிடலாம். இல்லைன்னா கழட்டிப் போட்டுட்டும் ஓட்டலாம். ஆனா வளைக்கிறதுக்கு ரெண்டாள் பலம் வேணும், சொல்லிட்டேன்."

மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"வளைக்கறது நம்ம கை. எண்ணெய் குடிக்கறது அது. என்ன நியாயம் இது?" என்றார் தெய்வசிகாமணி.

"நேர் ரோட்டுல அதுக்கு வேலையே இல்லீங்கண்ணா. சும்மா உக்காந்துட்டு வருது. நாம ஏன் சுமக்கோணும்?" என்றார் நாச்சிமுத்து.

"கல்யாணம் முடியட்டுமே அண்ணா" என்று சென்னியப்பன் கெஞ்சினான்.

"கல்யாணத்துக்கு அழைக்காத ஆளையெல்லாம் கார்ல ஏத்தப்படாது" என்று பெரியவர் தீர்ப்புச் சொல்ல, பவர் ஸ்டீயரிங் கழன்றது.

சாகுல் சொன்ன ரெண்டாளை மறக்காமல் வைத்துக்கொண்டார்கள். இடது பக்கம் வளைப்பது தெய்வசிகாமணி பங்கு, வலது பக்கம் நாச்சிமுத்து பங்கு, மிச்சம் மீதி சென்னியப்பனுக்கு. ஒருத்தர் பங்கில் ஒருத்தர் கை வைப்பதில்லை என்று கிணற்று மேட்டில் சத்தியமும் ஆயிற்று.

கோயில் மைதானத்தில் வெள்ளோட்டம். பெரியவர் இடது பக்கம் வளைத்தார். கார் வட்டமடித்தது. வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, நேராக்குடா!"

"வளைச்சது நீங்க. நான் ஏன் நேராக்கோணும்?"

"நேராக்கறதுன்னா வலது பக்கம் திருப்பறதுதானே? அது உன்ற பங்கு!"

பெட்ரோல் தீர்ந்து கார் நின்ற பிறகுதான் வழக்கு முடிந்தது. கலைத்தவனே அடுக்கவேண்டும், வளைத்தவரே நேராக்கவேண்டும்.

கல்யாணத்தன்று பெண்களும் சொந்தபந்தமும் முதல் நாளே போய்விட, அண்ணன் தம்பிகள் மட்டும் காரில் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டவில்லை, மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது. அன்றைக்குக் கிணறு நாச்சிமுத்து முறை.

"நீங்க போங்கண்ணா, நான் தண்ணி கட்டிட்டு பஸ்ஸைப் புடிச்சு வந்தர்றேன்" என்று அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் வலதையும் நீங்களே வளைச்சுருங்க!"

"ஏன்டா, அடுத்தவன் பங்குல கை வைக்கச் சொல்றயா? நாளைக்கு நம்ம முறையில அவன் தண்ணி எடுத்தா என்ன பண்ணுவே?"

வலது பக்கம் போகவேண்டிய இடத்திலெல்லாம் கார் மூன்று தடவை இடது பக்கம் வளைந்தது. ஒரு செங்கல் சூளை, ஒரு பள்ளிக்கூடம், யாரோ கடலைக்காய் காயப்போட்ட களம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒருவழியாக வேலாம்பூண்டி வந்தது. மண்டபம் ரோட்டுக்கு வலது பக்கம் இருந்தது.

வாசலில் மாலையோடு நின்ற அர்த்தனாரியைக் கார் தாண்டிப் போயிற்று.

"மாமா, இதோ வந்தர்றோம்!" என்று சென்னியப்பன் கத்தினான்.

தெருவைச் சுற்றிக்கொண்டு கார் மறுபடி வந்து மறுபடி போயிற்று. உள்ளே அக்கா பையன் எழுந்து வேட்டியைச் சரி பண்ணினான். அடுத்த சுற்றில் வாசலுக்கு ஓடி வந்தவள் ருக்குமணி. சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. விவரத்தைச் சொன்னான்.

"அடக் கடவுளே! உங்களுக்குன்னு பங்கே கெடையாதா?" என்று கத்தினாள் அவள்.

பதில் அடுத்த சுற்றில்தான் வந்தது. "இருக்குதுங்க! ரிவர்ஸ் என்னோடது!"

"அப்ப ரிவர்ஸ்ல வாங்களே!"

பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். சென்னியப்பன் பல்லைக் கடித்து, வேர்த்து விறுவிறுத்து, காரைப் பின்பக்கமாகவே மண்டபத்து வாசலில் கொண்டு வந்து சேர்த்தான்.

ஆனால் பாருங்கள், காரின் முகம் ரோட்டைப் பார்த்து நின்றது. சம்பிரதாயம் தெரிந்த அத்தைமார்களுக்கு வேறு என்ன தோன்றும்? மாப்பிள்ளை கிளம்புகிறார்!

"போயிட்டு வா கண்ணு!" என்று ருக்குமணியைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழுதார்கள். அவள் என்னமோ சொன்னாள், அழுகையில் கேட்கவில்லை. சீர்ப் பாத்திரங்கள் டிக்கியில் ஏறின. அர்த்தனாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை கையில் மகளை ஒப்படைத்தார். தெய்வசிகாமணி கார் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, இடது பக்கம் வளைத்துக் கிளம்பினார்.

கொஞ்ச தூரம் போனதும்தான் ருக்குமணியின் குரல் கேட்டது. "எனக்கு இன்னும் தாலி கட்டலீங்களே!"

பெரியவர் பிரேக் போட்டார். சென்னியப்பன் அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யோசிக்காமல் ரிவர்ஸ் போட்டு, வந்த வழியே முழுசும் பின்னாலேயே ஓட்டி மண்டபத்து வாசலில் நிறுத்தினான்.

கார் மறுபடியும் ரோட்டைப் பார்த்து நின்றது. அத்தைமார்கள் மறுபடியும் அழ ஆரம்பித்தார்கள். டிக்கியில் இடமில்லாததால், தாலித் தட்டோடு வாசலுக்கு ஓடி வந்த ஐயரைப் பின்சீட்டில் ஏற்றி, "பத்திரமாப் பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்று அனுப்பிவைத்தார்கள்.