ஒரு கூடை வடிக்கு மூன்று பேர்

முழுவதும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாதியில் வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் இந்தக் கதையில் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

அமிர்தசரசில் ஜிந்தோ என்று ஒருத்தி. தொழில், வடி போடுவது. வடி என்பது நம் ஊர் வடகத்துக்குப் பெரியண்ணன். உளுந்தைக் கெட்டியாக அரைத்து, துருவிப் பிழிந்த வெண்பூசணியும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் தனியாவும் பெருங்காயமும் சேர்த்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டி மொட்டைமாடிப் பாயில் காயவைப்பார்கள். அதை உடைத்து உருளைக்கிழங்குக் குழம்பில் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒன்பது வருஷம் தலையில் கூடையோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள் ஜிந்தோ. முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள்தான் அவள் படித்த பள்ளிக்கூடம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பேரம் என்று உட்கார்ந்தால் எதிராளி எழுந்து போகும்வரை எழ மாட்டாள்.

அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நெடுஞ்சாலையில் பெரிய தாபா நடத்தும் மெஹங்கா சிங், ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை வடி கொண்டுவரச் சொன்னார். பிடித்துவிட்டால் வருஷம் முழுவதும் வாரம் ஒரு கூடை, தலைச்சுமை தீர்ந்தது. ஆனால் ஒரே ஒருவருக்குத்தான். அதே தெருவில் வடி போடும் லாஜ்வந்தியிடமும் அவர் இதையே சொல்லியிருந்தார்.

இருவரும் தீரத் ராமின் மொட்டைமாடியை வாடகைக்கு எடுத்தவர்கள். ஜிந்தோ புதன்கிழமை காலை தன் பாயில் வடி வைத்தாள். லாஜ்வந்தி ஒரு நாள் தள்ளி, வியாழன் காலை வைத்தாள்.

அன்றே வைத்த வடி வெறும் மாவு. விரல் பட்டால் ஒட்டிக்கொண்டு வரும், பாயோடு தூக்கினால் ஒன்றோடொன்று சேர்ந்து கூழாகிவிடும். மறுநாள் மாலைதான் மேல்தோல் இறுகும். அப்போது ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கட்டைவிரலால் குழித்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த வேளையைத் தவறவிட்டால் உள்ளே புளித்துப்போகும்.

இது தெரிந்தும் ஜிந்தோ வியாழன் விடியற்காலை மோகா மண்டிக்குப் போனாள். உளுந்து வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. தரகர் விலையில் இறங்கவில்லை, இவளும் விடவில்லை. பேரம் சனிக்கிழமைவரை இழுத்தது.

வியாழன் மூன்று மணிக்குப் புழுதிக்காற்று; பின்னாலேயே மழை. லாஜ்வந்தி மாடிக்கு ஓடினாள். ஜிந்தோவின் பாயை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோனாள். அவளுடைய சொந்தப் பாயில் இருந்த மாவு கரைந்து சாக்கடையில் போனது. மாலையில் ஜிந்தோவின் வடிகளை ஒன்று விடாமல் குழித்துக் கவிழ்த்தாள். அடுத்த இரண்டு நாளும் வெயில் பார்த்துத் திருப்பினாள்.

ஞாயிறன்று ஒரே கூடைக்குப் பின்னால் மூன்று பேர் தாபாவுக்குப் போனார்கள். மூன்றாமவர் தீரத் ராம். மெஹங்கா சிங் ஒரு வடியை உடைத்து நெய்யில் வறுத்துத் தின்றார். ஆர்டர் உறுதி, யார் பெயரில் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

மாடி தன்னுடையது, அதில் விழுந்த வெயிலும் தன்னுடையதே என்றார் தீரத் ராம்.

"அப்படியானால் அந்த மழையும் உங்களுடையதுதானா, லாலாஜி?" என்றார் மெஹங்கா சிங்.

ஜிந்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உளுந்து என்னுடையது, மிளகு என்னுடையது, உப்புப் பார்த்த நாக்கும் என்னுடையது. பாயைத் தூக்கியவள் வடி போட்டவள் ஆகிவிடுவாளா?"

"என் பாய் கரைவதைப் பார்த்துக்கொண்டே உன் பாயைத் தூக்கினேன், பெஹன்," என்றாள் லாஜ்வந்தி. "மோகாவில் நீ தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தபோது இந்த வடிக்குத் தாய் நான்தான்."

ஜிந்தோ கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முழுக்கதையும் கேட்டுவிட்டீர்கள். மெஹங்கா சிங் யார் பெயரை எழுத வேண்டும்? மற்றவர்களுக்கு என்ன நியாயம்?

விடை: தீரத் ராமுக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது, அத்தோடு சரி. லாஜ்வந்தி தன் வடியைத் தியாகம் செய்யவில்லை. அன்று காலை வைத்த ஈர மாவை யாராலும் தூக்கியிருக்க முடியாது. தூக்க முடிந்தது ஜிந்தோவின் பாய் மட்டுமே. ஆனால் குழித்ததும் காயவைத்ததும் பொய்யில்லை. அவள் கை படாவிட்டால் கூடையே புளித்திருக்கும். தாபாக்காரருக்கோ இந்தக் கூடை மட்டும் போதாது. வருஷம் முழுவதும் இதே ருசி வேண்டும். அதை அரைக்கத் தெரிந்தவள் ஜிந்தோ. பக்கத்தில் நின்று காயவைக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது. ஆகவே பெயர் ஜிந்தோவுக்கு, காயவைக்கும் வேலையும் அதற்கான பங்கும் லாஜ்வந்திக்கு. மெஹங்கா சிங் அப்படித்தான் எழுதினார். லாஜ்வந்தி பாதி கேட்டாள். ஜிந்தோ கால் என்றாள். தேநீர் இரண்டு முறை ஆறியபின் மூன்றில் ஒன்றுக்கு முடிந்தது. திரும்பும் வழியில் கூடையின் ஒரு காதை இவளும் மறு காதை அவளும் பிடித்துக்கொண்டு, தன்னைத்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று இருவரும் தெருமுனைவரை திட்டிக்கொண்டே போனார்கள்.